ஸ்விட்ச் லாக்: கோளாறு வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய அமைப்புகள்

காலை பதினொரு மணிக்கு ஒரு தளத்தில் நெட்வொர்க் பத்து நிமிடம் நின்றுபோய், தானாகவே திரும்பி வருகிறது. மாலையில் யாரோ ஸ்விட்சுக்குள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) நுழைந்து லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவை, பார்க்கிறார். முப்பத்தைந்து வரிகள் இருக்கின்றன. எல்லாமே மதியத்துக்குப் பிறகு வந்தவை. அல்லது வரிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் தேதி மார்ச் 1 என்கிறது. அதுவும் இல்லையென்றால், எந்தக் கணினியை யார் எப்போது அணைத்தார் என்பது மட்டும் பக்கம் பக்கமாக ஓடுகிறது.

மூன்றிலும் லாக் வசதி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதலே நிகழ்வுகளைப் பதிவு செய்யும். அப்படிப் பதிவானவை கோளாறு நேரத்தில் பயன்படுமா என்பது நேரம், இடம், இரைச்சல் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்தோமா என்பதைப் பொறுத்தது. எந்த லெவல் (எவ்வளவு தீவிரமான செய்திவரை பதிவது) வைப்பது என்று பலர் முதலில் கேட்பார்கள். அது இந்த மூன்றுக்கும் பிறகு வரும் கேள்வி.

இங்கே தரும் கட்டளைகள் சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருளில் ஓடும் ஸ்விட்சுகளுக்கு உரியவை, உச்சரிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. மற்ற நிறுவனங்களின் ஸ்விட்சுகளில் சொற்கள் மாறும், தத்துவம் மாறாது.

ஒரு வரியில் என்னென்ன இருக்கிறது

ஸ்விட்ச் எழுதும் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

000412: ஜூன் 3 11:02:17.338: %லிங்க்-3-அப்டவுன்: இண்டர்ஃபேஸ் கிகாபிட் 1/0/24, நிலை மாறியது: டவுன்

முதலில் வரிசை எண், அடுத்து நேரம். சதவீதக் குறிக்குப் பின்னால் இருப்பதை மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 'லிங்க்' என்பது செய்தியை எழுப்பிய மென்பொருள் பகுதி. 3 என்பது தீவிர எண். 'அப்டவுன்' என்பது அந்த நிகழ்வின் குறியீட்டுப் பெயர். மீதி விளக்கம். தேடும்போது விளக்கத்தை நம்பாமல் குறியீட்டுப் பெயரைக் கொண்டு தேடுவது நல்லது. மென்பொருள் பதிப்பு மாறும்போது விளக்கத்தின் சொற்கள் மாறலாம். குறியீட்டுப் பெயர் அவ்வளவாக மாறுவதில்லை.

தீவிர எண்கள் 0 முதல் 7 வரை. எண் குறையக் குறைய நிலைமை மோசம்:

0. எமர்ஜென்சி: கருவியே பயன்படாத நிலை
1. அலர்ட்: உடனே கவனிக்க வேண்டியது
2. கிரிட்டிக்கல்: முக்கியப் பகுதி பாதிப்பு
3. எரர்: பிழை
4. வார்னிங்: எச்சரிக்கை
5. நோட்டிஃபிகேஷன்: இயல்பானது, ஆனால் கவனிக்கத்தக்கது
6. இன்ஃபர்மேஷனல்: தகவல் மட்டும்
7. டீபக்கிங் (டீபக்): மென்பொருளின் உள்விவரம், கோளாறு தேடும்போது மட்டும் இயக்குவது

ஓர் இடத்துக்கு லெவல் 5 என்று வைத்தால் 5-ம் அதற்குக் கீழான எண்களும் வரும். 6-ம் 7-ம் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான். 'பிழைகள் மட்டும் போதுமே' என்று லெவல் 3 வைத்தால், யாரோ அமைப்பை மாற்றினார் என்ற செய்தி வராது. அது லெவல் 5. ஒரு மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுகிறது என்ற செய்தியும் வராது. அது லெவல் 4. கோளாறைப் பின்தொடர்ந்து போகும்போது பெரும்பாலும் தேவைப்படுபவை 4-ம் 5-ம்தான். 0, 1 லெவல் செய்திகளைப் பல ஸ்விட்சுகள் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட எழுதாமலே ஓய்வுபெறுகின்றன.

செய்திகளைச் சேமித்துவைக்கும் வேறொரு கணினிக்கு (சர்வர்) அனுப்பும்போது ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் இன்னோர் எண் சேரும். எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயில் திட்டத்துக்காக உருவாக்கிய சிஸ்லாக் முறையிலிருந்து வந்த எண் அது. அந்த முறை பின்னால் ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) 3164 என 2001-லும், ஆர்எஃப்சி 5424 என 2009-லும் எழுத்தில் வந்தது. கணக்கு எளிது: செய்தி எந்த வகை மூலத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் வகை எண்ணை எட்டால் பெருக்கித் தீவிர எண்ணைக் கூட்ட வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சுகள் இயல்பாக 'லோக்கல் 7' என்ற வகையைப் பயன்படுத்தும். அதன் எண் 23. எனவே தீவிரம் 5 உள்ள செய்தி 23 × 8 + 5 = 189 என்ற எண்ணோடு போகும். பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும்போது 189, 187 என்று தென்படுபவை இவைதான்.

செய்தி போய்ச் சேரும் இடங்கள்

ஒரே செய்தி ஒரே நேரத்தில் பல இடங்களுக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி லெவல் வைக்கலாம்.

1. கன்சோல். கேபிள் மாட்டி நேரடியாகப் பார்க்கும் திரை. சிஸ்கோவில் இது இயல்பாகவே லெவல் 7-ல் திறந்திருக்கும்.
2. மானிட்டர். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக நுழைந்தவரின் திரை. 'டெர்மினல் மானிட்டர்' என்று தட்டும்வரை எதுவும் வராது. 'டீபக் போட்டேன், ஒன்றுமே வரவில்லை' என்ற புகாரில் பாதி இதனால்தான்.
3. பஃபர். ஸ்விட்சின் நினைவகத்தில் ஒரு பகுதி. நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். மின்சாரம் போனாலோ ரீலோட் ஆனாலோ எல்லாம் போய்விடும்.
4. சிஸ்லாக் சர்வர். வேறொரு கணினி, ஸ்விட்ச் செத்தாலும் பதிவு பிழைக்கும்.
5. ஃபிளாஷ் நினைவகம். சில மாடல்களில் மட்டும் உண்டு. ஓயாமல் எழுதினால் ஃபிளாஷ் தேயும் என்பதால், முக்கியமான லெவல்களுக்கு மட்டும் வைப்பது நல்லது.

கன்சோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கன்சோல் போர்ட் இயல்பாக 9600 வேகத்தில் ஓடுகிறது. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கொண்டால் நொடிக்கு 960 எழுத்து. ஒரு செய்தி சராசரியாக 120 எழுத்து என்றால் நொடிக்கு எட்டே செய்திதான் வெளியே போகும். நெட்வொர்க்கில் லூப் (பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றிவரும் வளையம்) விழுந்து நொடிக்கு நூற்றுக்கணக்கில் செய்தி கிளம்பினால், அவற்றைக் கன்சோலில் எழுதித் தள்ளும் வேலையிலேயே சிபியு மூச்சுத்திணறும். கன்சோல் கேபிளே மாட்டப்படாமல் இருந்தாலும் இது நடக்கும். மறுமுனையில் யாராவது படிக்கிறார்களா என்று ஸ்விட்ச் பார்ப்பதில்லை. கோளாறைக் காட்ட வேண்டிய லாக்கே கோளாறைப் பெரிதாக்கும் நிலை இது. அதனால் கன்சோலை லெவல் 2-க்குக் குறைப்பதை, அல்லது முழுக்க நிறுத்துவதை, முதல் வேலையாகவே செய்துவிடலாம்.

நேரம் சரியில்லாத பதிவு

வரியின் தொடக்கத்தில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், ஸ்விட்சின் கடிகாரம் நம்பத்தக்கதல்ல என்று பொருள். புள்ளி இருந்தால், முன்பு சரியாக ஒத்திசைந்திருந்த கடிகாரம் இப்போது தொடர்பை இழந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் நேரம் சரி. பழைய சிஸ்கோ ஸ்விட்சுகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் 1993 மார்ச் 1 என்றே ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட லாக்கில் மார்ச் 1 தென்பட்டால், அந்த வரிகள் ரீபூட் ஆன உடனே, என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திசைவு கிடைக்கும் முன் எழுதப்பட்டவை. அதுவும் ஒரு தடயம்தான்.

வேறு சில பழைய ஸ்விட்சுகள் தேதியையே எழுதாமல், இயங்கத் தொடங்கி எத்தனை வாரம், எத்தனை நாள் என்று எழுதும். அதை நிஜ நேரத்தோடு பொருத்த, ஸ்விட்ச் எப்போது இயங்கத் தொடங்கியது என்று பார்த்து, அந்த நேரத்தோடு கூட்டிக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இதற்கு வேண்டியவை இரண்டு கட்டளைகள்:

1. 'என்டிபி சர்வர் 192.0.2.20'. இங்குள்ள முகவரிகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் நெட்வொர்க்கின் என்டிபி சர்வரை இட வேண்டும். என்டிபி யுடிபி 123 போர்ட்டில் ஓடும்; நடுவே ஃபயர்வால் இருந்தால் அதைத் திறக்க வேண்டும்.
2. 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்சோன் இயர்'. மில்லிநொடி, நேர மண்டலம், ஆண்டு மூன்றும் வரியில் வந்துவிடும்.

மில்லிநொடி ஆடம்பரம் அல்ல. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே எது முதலில் விழுந்தது என்ற கேள்விக்கு நொடிக் கணக்கு பல நேரம் போதாது. நேர மண்டலத்தில் ஒரே விதி: எல்லாக் கருவிகளிலும் ஒன்றே இருக்க வேண்டும். உள்ளூர் நேரமா, யுடிசியா (உலகப் பொது நேரம்) என்பதில் சண்டை வேண்டாம். பாதி இங்கும் பாதி அங்கும் இருப்பதுதான் ஆபத்து.

கூடவே 'சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ்' போட்டுவிடலாம். வரிசை எண்ணில் 412-க்குப் பிறகு 430 வந்தால், நடுவில் செய்திகள் தொலைந்தன என்பது சர்வரில் இருந்தபடியே தெரிந்துவிடும்.

பஃபரின் அளவு

இயல்பான அளவு பல மாடல்களில் 4096 பைட். ஒரு செய்தி 110, 120 பைட் என்றால் முப்பத்தைந்து செய்திக்குத்தான் இடம். 48 போர்ட் ஸ்விட்சில் காலையில் எல்லோரும் கணினியைப் போடும்போது, ஒவ்வொரு போர்ட்டும் இரண்டு வரி எழுதும்: லிங்க் மேலே வந்தது, புரோட்டோகால் மேலே வந்தது. 96 வரி. அதாவது அலுவலகம் திறந்த கால் மணி நேரத்தில் இரவில் நடந்த அத்தனையும் அழிந்திருக்கும்.

'லாகிங் பஃபர்டு 64000 இன்ஃபர்மேஷனல்' என்று போட்டால் ஐந்நூறு வரிக்கு மேல் நிற்கும். இன்றைய ஸ்விட்சுகளில் நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. 64000 பைட் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் எண்ணுக்கு மேல் எண்ணாகச் சேர்த்துப் பல மெகாபைட்டுக்குப் போவதில் பயனில்லை. அவ்வளவு பழைய செய்தி வேண்டுமென்றால் அதற்குச் சர்வர் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பஃபர் அளவை மாற்றும்போது அதில் இருக்கும் பழைய செய்திகள் அழிந்துபோகலாம். கோளாறு நடந்துகொண்டிருக்கும்போது அளவைக் கூட்ட நினைத்தால், முதலில் இருப்பதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வருக்கு அனுப்புவது

சிஸ்லாக் இயல்பாக யுடிபி 514 போர்ட்டில் போகும். யுடிபியில் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் கிடையாது. மேல்நோக்கிப் போகும் கேபிள் அறுந்தது என்ற செய்தியை ஸ்விட்ச் அதே கேபிள் வழியாகத்தான் அனுப்ப முயலும். அது சர்வரை அடையாது. பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் (லூப் விழாமல் மாற்றுப் பாதையை மூடிவைத்து, தேவைப்படும்போது திறக்கும் முறை) மாற்றுப் பாதை திறக்க 30 நொடி ஆகும். அந்த இடைவெளியில் கிளம்பிய செய்திகளும் காற்றோடு போகும். ஒரு சம்பவத்தின் மிக முக்கியமான முதல் சில வரிகள் சர்வரில் இல்லாமல் பஃபரில் மட்டும் இருப்பது இதனால்தான். 'சர்வர் இருக்கிறதே, பஃபர் எதற்கு' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ரீபூட் ஆனால் பஃபர் போய்விடும், லிங்க் போனால் சர்வர் பயன்படாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

சர்வர் அமைப்பில் அடிக்கடி இடறும் இடங்கள் சில:

1. மூல முகவரி. ஸ்விட்சுக்குப் பல ஐபி முகவரிகள் இருந்தால், செய்தி எந்த வழியாக வெளியே போகிறதோ அந்த முகவரியோடு போகும். பாதை மாறினால் முகவரியும் மாறும். சர்வரில் ஒரே ஸ்விட்ச் இரண்டு பெயரில் தெரியும். 'லாகிங் சோர்ஸ்-இண்டர்ஃபேஸ் விலான் 99' (விலான் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போல ஒன்றை நிலையாக வைக்க வேண்டும்.
2. விஆர்எஃப். நிர்வாகத்துக்கென்று தனிப் போர்ட் உள்ள ஸ்விட்சுகளில் அது தனி ரூட்டிங் அட்டவணையில் இருக்கும். கட்டளையில் விஆர்எஃப் பெயரைச் சேர்க்காவிட்டால், சர்வருக்கு பிங் போகும், லாக் மட்டும் போகாது. பிங் செய்தவர் விஆர்எஃப் பெயரைச் சேர்த்துச் செய்திருப்பார். லாக் கட்டளையில் அதை மறந்திருப்பார்.
3. வடிவம். சிஸ்கோ அனுப்பும் வரி ஆர்எஃப்சி 3164 சொல்லும் வடிவத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை எண் வந்தால், சில சர்வர்கள் அந்த எண்ணையே கருவியின் பெயராக எடுத்துக்கொண்டு 000412 என்ற பெயரில் கோப்பு உருவாக்கும். சர்வரில் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் செய்திக்குள் இருக்கும் பெயரை நம்பாமல், பாக்கெட்டை அனுப்பிய ஐபி முகவரியை வைத்துக் கோப்பைப் பிரிப்பது பாதுகாப்பு.
4. ஃபயர்வால். லினக்ஸ் சர்வரில் டிசிபிடம்ப் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால் பாக்கெட் வருகிறது, கோப்பில் ஒன்றும் இல்லை என்ற நிலை வரும். டிசிபிடம்ப், உள்ளே வரும் பாக்கெட்டை அந்தச் சர்வரின் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. அது காட்டுவதால் ஃபயர்வால் விட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

சாதாரண சிஸ்லாக்கில் மறைகுறியாக்கம் இல்லை, அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பும் இல்லை. நிர்வாக விலானுக்குள் மட்டும் ஓடும்வரை இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெளி நெட்வொர்க்கைக் கடந்து போக வேண்டுமென்றால், கருவி ஆதரித்தால், டிஎல்எஸ் மறைகுறியாக்கம் வழியாக 6514 போர்ட்டில் அனுப்ப வேண்டும்.

இரைச்சலைக் குறைப்பது

பயனர் போர்ட்டுகளின் ஏற்ற இறக்கச் செய்திகள்தான் லாக்கை நிரப்புபவை. லெவலைக் குறைத்து இதைத் தீர்க்கப் பார்ப்பது தவறான வழி. அப்லிங்க் (மேலுள்ள ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) விழுந்த செய்தியும் அதே லெவல் 3-ல்தான் வருகிறது. லெவலை 2-க்குக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

சரியான வழி போர்ட்டுவாரியாக நிறுத்துவது. பயனர் போர்ட்டுகள் இருக்கும் வரம்பைத் தேர்ந்தெடுத்து 'நோ லாகிங் ஈவெண்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' என்று போட வேண்டும். அப்லிங்க், சர்வர், வயர்லெஸ் அணுகல் புள்ளி, கேமரா பதிவுக் கருவி இருக்கும் போர்ட்டுகளைத் தொடக்கூடாது. இப்படிச் செய்த பின் லாக்கில் ஒரு லிங்க் செய்தி வந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை உருவாகும்.

பயனர் ஒருவர் 'அடிக்கடி துண்டிக்கிறது' என்று சொன்னால் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

முழு அமைப்பு, வரிசைப்படி

1. என்டிபி, நேர மண்டலம், டைம்ஸ்டாம்ப், வரிசை எண் நான்கையும் முதலில் போடவும். நட்சத்திரக் குறி மறைந்த பிறகே அடுத்ததற்குப் போகவும்.
2. 'லாகிங் கன்சோல் கிரிட்டிக்கல்'
3. 'லாகிங் பஃபர்டு 64000 இன்ஃபர்மேஷனல்'
4. 'லாகிங் சோர்ஸ்-இண்டர்ஃபேஸ்' உடன் நிர்வாக விலான்.
5. 'லாகிங் ட்ராப் இன்ஃபர்மேஷனல்', பிறகு 'லாகிங் ஹோஸ்ட் 192.0.2.10'. இங்கே ட்ராப் என்பது சர்வருக்குப் போகும் லெவல். எஸ்என்எம்பி ட்ராப்புக்கும் (கண்காணிப்பு மென்பொருளுக்குப் போகும் அறிவிப்பு) இதற்கும் தொடர்பில்லை.
6. யார் எந்தக் கட்டளையைத் தட்டினார் என்பதைப் பதிய 'ஆர்க்கைவ்', அதற்குள் 'லாக் கான்ஃபிக்', அதற்குள் 'லாகிங் எனேபிள்', 'நோட்டிஃபை சிஸ்லாக்', 'ஹைட்கீஸ்'. கடைசியை விட்டுவிட்டால் கடவுச்சொற்கள் சர்வரின் கோப்பில் வெறும் எழுத்தாகப் போய் உட்காரும்.
7. 'லாகின் ஆன்-ஃபெயிலியர் லாக்', 'லாகின் ஆன்-சக்ஸஸ் லாக்'.
8. பயனர் போர்ட்டுகளில் லிங்க் செய்தியை நிறுத்தவும்.
9. சோதனை: அமைப்பு முறைக்குள் போய் எதையும் மாற்றாமல் வெளியே வரவும். 'சிஸ்-5-கான்ஃபிக்_ஐ' என்ற வரி எழும். அது பஃபரிலும் சர்வரிலும் ஒரே நேரத்தோடு இருக்கிறதா என்று பார்க்கவும்.
10. 'ரைட் மெமரி'. இதை மறந்தால் அடுத்த ரீபூட்டில் எல்லாம் பழையபடி.

'ஷோ லாகிங்' கட்டளையின் தலைப்பகுதியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எந்த லெவல், எத்தனை செய்தி போனது, எத்தனை கைவிடப்பட்டது, பஃபர் எத்தனை பைட் என எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சர்வருக்கான எண்ணிக்கை கூடுகிறது, சர்வரில் ஒன்றும் இல்லை என்றால் தவறு ஸ்விட்சுக்கு வெளியே. எண்ணிக்கையே கூடவில்லை என்றால் ஸ்விட்சுக்குள்ளே.

வரிகள் சொல்லும் கதை

ஒற்றை வரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட வரிகளின் வரிசையையும் இடைவெளியையும் பார்ப்பது பலன் தரும்.

*போர்ட் கீழே போனது: கேபிளா, ஆளா?* கேபிள் போனாலோ மறுமுனைக் கருவி அணைந்தாலோ 'லிங்க்-3-அப்டவுன்' வரும். யாராவது ஷட்டவுன் கட்டளை போட்டால் வருவது 'லிங்க்-5-சேஞ்ச்டு', நிர்வாக முறையில் நிறுத்தப்பட்டது என்ற விளக்கத்தோடு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் முதலாவதற்கு கேபிளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு கட்டளைப் பதிவைப் பார்க்க வேண்டும்.

*லிங்க்கும் லைன்புரோட்டோவும்.* போர்ட் விழும்போது முதலில் 'லைன்புரோட்டோ' (புரோட்டோகால் நிலை) வரி, ஏறத்தாழ ஒரு நொடி கழித்து 'லிங்க்' வரி. எழும்போது தலைகீழ்: லிங்க் முன்னே, லைன்புரோட்டோ பின்னே. லைன்புரோட்டோ மட்டும் விழுந்து, லிங்க் வரியே வராவிட்டால், மின்னிணைப்பு இருந்தும் அதற்கு மேலான அடுக்கில் ஏதோ தடுத்திருக்கிறது. பல கேபிள்களை ஒன்றாகச் சேர்த்த இணைப்பில், அவற்றைச் சேர்க்கும் எல்ஏசிபி முறை ஒத்துப்போகாமல் போர்ட் ஒதுக்கப்பட்டதா என்று அங்கே தேட வேண்டும்.

*மின்சாரம் போனதா, தொடர்பு போனதா?* கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமரா, தொலைபேசிகளில் லிங்க் விழுந்ததை ஒட்டி 'ஐஎல்பவர்-5-ஐஇஇஇ_டிஸ்கனெக்ட்' இருந்தால், கருவி மின்சாரம் எடுப்பதையே நிறுத்திவிட்டது: பிடுங்கப்பட்டது அல்லது கேபிள் அறுந்தது. அது இல்லாமல் லிங்க் மட்டும் விழுந்து ஒரு நிமிடத்தில் எழுந்தால், கருவி தானாக ரீபூட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வரி லெவல் 5 என்பதால், லெவலைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

*மேக் தாவல்.* 'எஸ்டபிள்யூ_மேட்ம்-4-மேக்ஃப்ளாப்_நோட்டிஃப்' என்ற வரி, ஒரு முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே மாறி மாறித் தெரிகிறது என்கிறது. இதைக் கண்டதும் லூப் என்று அலறுவது வழக்கம், எப்போதும் அப்படியல்ல. பல முகவரிகள் ஒரே இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே ஒரே நேரத்தில் தாவினால் அது லூப். அந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடுங்க வேண்டும். ஒரே ஒரு முகவரி மட்டும் தாவினால், சர்வரின் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் தவறாக இணைக்கப்பட்டிருக்கலாம். அல்லது இரண்டு வயர்லெஸ் அணுகல் புள்ளிகளுக்கு நடுவே யாரோ கைபேசியோடு நடந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது ஒரு கோளாறே அல்ல.

*ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.* ஒரு போர்ட் சரியாக 300 நொடி இடைவெளியில் எழுந்து விழுந்துகொண்டிருந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். 300 நொடி என்பது முடக்கப்பட்ட போர்ட்டைத் தானாக மீட்கும் வசதியின் இயல்பான இடைவெளி. பக்கத்தில் 'ஸ்பேன்ட்ரீ-2-பிளாக்_பிபிடியுகார்ட்', 'பிஎம்-4-எர்_டிசேபிள்' வரிகள் இருக்கும். பயனர் போர்ட்டில் யாரோ ஸ்விட்ச் ஒன்றைச் செருகியிருக்கிறார். அது பிபிடியு (ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ செய்தி) அனுப்புகிறது. நம் ஸ்விட்ச் போர்ட்டை முடக்குகிறது, ஐந்து நிமிடம் கழித்துத் திறக்கிறது, மறுபடி முடக்குகிறது.

*நிமிடத்துக்கு ஒருமுறை.* 'சிடிபி-4-டூப்ளெக்ஸ்_மிஸ்மேட்ச்' ஏறத்தாழ 60 நொடிக்கு ஒருமுறை வரும். சிடிபி அறிவிப்பு (சிஸ்கோ கருவி பக்கத்துக் கருவிக்குத் தன்னைத் தெரிவிப்பது) அந்த இடைவெளியில்தான் போகிறது. பெரும்பாலும் ஒரு முனையில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் இருபுறமும் அனுப்புவதா, மாறி மாறியா என்ற அமைப்பு) கையால் பூட்டிவிட்டு மறுமுனையைத் தானியங்கியாக விட்டிருப்பார்கள். பேரம் பேச ஆள் இல்லாத தானியங்கி முனை அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். இணைப்பு அறாது, வேகம் மட்டும் படுத்துவிடும். இரண்டு முனையையும் தானியங்கியாக்குவதே தீர்வு.

*'சிஸ்-5-ரீஸ்டார்ட்'.* ஸ்விட்ச் புதிதாக இயங்கத் தொடங்கியது. பஃபரில் ரீபூட்டுக்கு முந்தைய வரிகள் இருக்காது. சர்வரில் இதற்கு முந்தைய கடைசி வரியைப் பார்க்கவும். 'ஷோ வெர்ஷன்' காட்டும் ரீலோட் காரணத்தோடு சேர்த்துப் பார்த்தால் மின்தடையா, யாரோ செய்த ரீலோடா, மென்பொருள் நொறுங்கியதா என்று பிரிக்கலாம்.

லாக்கில் வராதவை

லாக் அமைதியாக இருப்பதால் நெட்வொர்க் நலமாக இருக்கிறது என்று ஆகாது. கெட்டுப்போன கேபிளால் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்) ஆயிரக்கணக்கில் ஏறினாலும், லிங்க் அறாதவரை பல ஸ்விட்சுகளில் ஒரு வரிகூட எழாது. நெரிசலால் பாக்கெட் கைவிடப்படுவதும் அப்படியே. இவை எண்ணிகளில் மட்டும் தெரியும்: 'ஷோ இண்டர்ஃபேசஸ்' பார்த்து, எண்ணிகளைப் பூஜ்ஜியமாக்கி, சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஸ்பேனிங் ட்ரீ அமைப்பு மாற்றங்களும் பல இடங்களில் தானாகப் பதிவாவதில்லை. 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெய்ல்' எத்தனை முறை மாறியது, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து என்று சொல்லும்.

டீபக் போட வேண்டியிருந்தால்

லாக்கும் எண்ணிகளும் போதாதபோதுதான் டீபக். அதற்கு முன்:

1. கன்சோலை 'நோ லாகிங் கன்சோல்' என்று முழுதாக நிறுத்தவும்.
2. பஃபரை 'லாகிங் பஃபர்டு 256000 டீபக்கிங்' என்று உயர்த்தவும். சர்வருக்கான லெவலை 6-லேயே விடவும். டீபக் வரிகள் அங்கே போக வேண்டாம்.
3. சிபியு எவ்வளவு என்று பார்க்கவும். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஸ்விட்சில் டீபக் போடக்கூடாது.
4. 'அன்டீபக் ஆல்' கட்டளையை முன்கூட்டியே இன்னொரு எஸ்எஸ்எச் திரையில் தட்டித் தயாராக வைத்துக்கொள்ளவும். எண்டர் மட்டும் மீதி இருக்கட்டும்.
5. குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் டீபக் போடவும். 'டீபக் ஆல்' எந்த நிலையிலும் வேண்டாம்.
6. சில நிமிடத்தில் நிறுத்தி, 'ஷோ லாகிங்' வெளியீட்டைக் கோப்பாக எடுத்துக்கொண்டு, பஃபர் லெவலை 6-க்குத் திருப்பவும்.

மற்ற ஸ்விட்சுகளில்

ஜூனிபரில் 'செட் சிஸ்டம் சிஸ்லாக் ஹோஸ்ட் 192.0.2.10 எனி நோட்டிஸ்' என்று போட்டு, 'கமிட்' செய்தால்தான் அமலுக்கு வரும். சிஸ்கோ நெக்சஸில் 'லாகிங் சர்வர்' கட்டளையின் முடிவில் 'யூஸ்-விஆர்எஃப் மேனேஜ்மெண்ட்' சேர்க்க வேண்டியிருக்கும். அண்மைய வரிகளுக்கு 'ஷோ லாகிங் லாஸ்ட் 50'. அருபாவின் புரோகர்வ் வழிவந்த ஸ்விட்சுகளில் 'ஷோ லாகிங்' பழையதிலிருந்து தொடங்கும். புதியதை முதலில் பார்க்க முடிவில் '-ஆர்' சேர்க்க வேண்டும். இணைய உலாவி வழியாக மட்டும் அமைக்கும் சிறு ஸ்விட்சுகளில் பொதுவாக பஃபர் அளவை மாற்ற வழியிருக்காது; அவற்றில் நேர அமைப்பும் சர்வர் முகவரியும் இரண்டே கட்டங்கள்தான், அவற்றையாவது நிரப்பிவிட வேண்டும்.